மும்பை புறநகர் ரயில்: கதவை மூடினால் நெரிசல் தீருமா?

மும்பை: 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி திங்கட்கிழமை காலை, அலுவலகம் செல்வோர் நிறைந்த இரண்டு புறநகர் ரயில்கள் திவா, மும்ப்ரா நிலையங்களுக்கு இடையே எதிரெதிரே கடந்து சென்றன. ஒன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை நோக்கியும், மற்றொன்று கசாரா நோக்கியும் சென்றுகொண்டிருந்தன. மும்ப்ராவை ஒட்டித் தண்டவாளம் கூர்மையாக வளைகிறது. அந்த வளைவில், இரு ரயில்களின் வாசல்களிலும் தொங்கியபடி வந்தவர்கள் உரசிக்கொண்டு கீழே விழுந்தனர். அன்றே நால்வர் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமடைந்தனர். உயிரிழந்தவர்களுள் ஒருவர் ரயில்வே காவலர்.

விபத்து நடந்த அதே நாளில் ரயில்வே அமைச்சகத்தின் பதில் வந்தது. மும்பைக்காக இனித் தயாரிக்கப்படும் புறநகர் ரயில்கள் அனைத்தும் தானாக மூடும் கதவுகளுடன் இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரயில்களிலும் அத்தகைய கதவுகள் பொருத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவும் ரயில்வே வாரிய அதிகாரிகளும் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலைப் பொறியாளர்களுடன் ஆலோசனை நடத்தினர். குளிரூட்டும் வசதியில்லாத பெட்டிகளில் கதவை மூடினால் உள்ளே மூச்சுத் திணறும் என்பதால், மூன்று மாற்றங்கள் முன்வைக்கப்பட்டன. கதவுகளில் காற்று புகும் சாய்வுப் பட்டைகள் இருக்கும். கூரையிலிருந்து வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் கருவிகள் அமைக்கப்படும். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் பயணிகள் நடந்து செல்லும் வகையில் இணைப்புப் பாதை இருக்கும். முதல் ரயில் 2025 நவம்பருக்குள் தயாராகி, சோதனைகளுக்குப் பின் 2026 ஜனவரியில் சேவைக்கு வரும் என்பது அன்றைய திட்டம்.

பொறியியல் நோக்கில் இது நல்ல யோசனை. குறிப்பாக இணைப்புப் பாதை வரவேற்கத்தக்கது. மும்பை ரயிலில் ஏறியவர் ஏறிய பெட்டிக்குள்ளேயே சிறைப்பட்டவர். பக்கத்துப் பெட்டியில் இடம் இருந்தாலும் அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் போக வழியில்லை. ஆனால், கதவு மூடப்படும்போது வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு இந்த வடிவமைப்பில் விடை இல்லை. அவர் உள்ளே இடம் இருந்தும் வெளியே தொங்கியவர் அல்லர். மும்பையின் காலை நேரத்தை அறிந்த எவருக்கும் இது விளக்கத் தேவையில்லாத செய்தி.

வாசலில் நிற்பவர் யார்?

மும்பை புறநகர் ரயில்களில் நாள்தோறும் ஏறத்தாழ 75 லட்சம் பேர் பயணிக்கின்றனர். மத்திய ரயில்வே நாளொன்றுக்கு 1,810 சேவைகளையும், மேற்கு ரயில்வே சுமார் 1,400 சேவைகளையும் இயக்குகின்றன. ஒன்பது பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் ஏறத்தாழ 1,700 பேருக்கானது. நெரிசல் நேரத்தில் அதில் 4,500 பேர் வரை பயணிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் 14 முதல் 16 பேர் நிற்கும் இந்த நிலைக்கு ரயில்வே துறையில் தனிப் பெயரே இருக்கிறது: 'அதி அடர் நெரிசல் சுமை'. ஓர் அவலத்துக்குத் துறை சார்ந்த பெயர் கிடைத்துவிட்டால், அது இயல்பு நிலையாகிவிட்டது என்றே பொருள்.

இந்த நெரிசலில் வாசல் என்பது வெறும் வழி அன்று. விரைவு ரயிலில் டோம்பிவிலியில் ஏறுபவர் தாணேயில் இறங்க வேண்டுமானால், உள்ளே தள்ளப்பட்டுவிட்டால் மீண்டு வர இயலாது. எனவே அவர் வாசலருகே நிற்கிறார். பின்னால் வருபவருக்கு அந்த வாசலில் பிடித்துக்கொள்ள நடுக் கம்பி ஒன்றும் கால் வைக்க ஓரங்குல இடமும் கிடைத்தால் போதும் என்றாகிறது. அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். அடுத்த ரயிலும் கல்யாணிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ இதே அளவு நிரம்பித்தான் வருகிறது.

திவா, மும்ப்ரா, கல்வா நிலையங்களின் நிலை இன்னும் கடினமானது. கர்ஜத், கசாரா தடங்கள் கல்யாணில் ஒன்றுசேர்கின்றன. அங்கும் டோம்பிவிலியிலும் ரயில் நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் இந்தச் சிறிய நிலையங்களுக்குக் கிடைப்பது மிச்சம் மட்டுமே. குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும் என்பதால் மக்கள் குடியேறிய ஊர்கள் இவை. 1992-93 கலவரங்களுக்குப் பிறகு மும்பையிலிருந்து இடம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் தஞ்சமடைந்த இடம் மும்ப்ரா. திவாவிலிருந்தே புறப்படும் ரயில் வேண்டும் என்பது அவ்வூர் மக்களின் நெடுநாள் கோரிக்கை. 2015 ஜனவரி 2ஆம் தேதி காலை ரயில்கள் தாமதமானபோது திவா நிலையத்தில் வெடித்த மறியல் வன்முறையாக மாறி, மத்திய ரயில்வேயின் சேவை பல மணி நேரம் முடங்கியது. அன்று தண்டவாளத்தில் அமர்ந்தவர்கள் கேட்டதும் ரயிலில் ஏற ஓர் இடத்தைத்தான்.

சட்டம் இவர்களை இரு விதமாகப் பார்க்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156ஆவது பிரிவின்படி, ரயிலின் படிக்கட்டில் நின்று பயணிப்பது தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 124ஏ பிரிவோ, ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு, ரயில்வேயின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்கிறது. அத்தொகை 2017ஆம் ஆண்டு முதல் எட்டு லட்சம் ரூபாய். ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என 2018ஆம் ஆண்டு ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நெரிசல் மிகுந்த மும்பை ரயிலில் வாசலில் நிற்பது கவனக்குறைவு ஆகாது, அவருக்கு வேறு வழியில்லை என்ற கருத்தை மும்பை உயர் நீதிமன்றமும் இழப்பீட்டு வழக்குகளில் ஏற்றிருக்கிறது. நீதிமன்றம் புரிந்துகொண்ட இந்த உண்மை, 'படிக்கட்டில் பயணம் செய்யாதீர்' என்று ஓயாமல் ஒலிக்கும் நிலைய அறிவிப்புகளில் மட்டும் இடம்பெறவில்லை.

நாளொன்றுக்கு ஏழு உயிர்கள்

மும்ப்ரா விபத்து நாடு முழுவதும் பேசப்பட்டதற்குக் காரணம், பலர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விழுந்ததுதான். தனித்தனியாக விழுபவர்கள் செய்தியாவதில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் மும்பை புறநகர் ரயில் தடங்களில் 2,590 பேர் உயிரிழந்ததாக உயர் நீதிமன்றத்தில் தாக்கலான பொதுநல மனு சுட்டிக்காட்டியது. நாளொன்றுக்கு ஏழு பேர் என்ற கணக்கு அது. 2005 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மத்திய ரயில்வே தடங்களில் 29,321 பேரும், மேற்கு ரயில்வே தடங்களில் 22,481 பேரும் இறந்ததாக ரயில்வே தரப்பே 2024ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் தெரிவித்தது. பயணிகள் கால்நடைகளைப் போல அடைக்கப்பட்டுச் செல்வது வெட்கக்கேடானது என்ற பொருளில் அப்போது நீதிபதிகள் கண்டித்தனர்.

இந்த எண்ணிக்கையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இறப்பவர்களுள் பெரும் பகுதியினர் ஓடும் ரயிலிலிருந்து விழுபவர்கள் அல்லர். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபடுபவர்கள். தண்டவாளத்தின் இருபுறமும் குடியிருப்புகள் நெருங்கியிருக்கும் இடங்களில், நடை மேம்பாலம் தொலைவில் இருந்தால் மக்கள் குறுக்கே இறங்கி நடக்கிறார்கள். தானியங்கிக் கதவு இவர்களில் ஒருவரைக்கூடக் காப்பாற்றாது. சுற்றுச்சுவர், மேம்பாலம், மின்தூக்கி, நகரும் படிக்கட்டு ஆகியவையே அவர்களுக்கான பாதுகாப்பு. இவற்றைத் திறந்துவைக்கும் நிகழ்ச்சிகள் புதிய ரயில் அறிமுகம் போல ஒளிப்படங்களுக்கு உகந்தவை அல்ல.

மும்ப்ரா விபத்தின் காரணம் பற்றியும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. வாசலில் நின்ற ஒருவர் தோளில் மாட்டியிருந்த பை உரசியதே தொடக்கம் என்ற விளக்கம் ரயில்வே தரப்பிலிருந்து வந்தது. ரயில்வே காவல்துறையோ தண்டவாளப் பராமரிப்பில் குறை இருந்ததாகக் கூறி, 2025 நவம்பரில் பொறியாளர்கள் இருவர் மீது வழக்குப் பதிந்தது. அதைக் கண்டித்து ரயில்வே ஊழியர்கள் நடத்திய திடீர்ப் போராட்டத்தால் மாலை நேர ரயில்கள் நின்றன. பையா, தண்டவாளமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும், வாசலுக்கு வெளியே மனித உடல்கள் தொங்கிக்கொண்டிருந்ததால்தான் உயிர்கள் போயின.

கல்வா கற்பித்த பாடம்

மூடிய கதவு மும்பைக்குப் புதிதன்று. நாட்டின் முதல் ஏசி புறநகர் ரயில் 2017 டிசம்பர் 25ஆம் தேதி மேற்கு ரயில்வே தடத்தில் ஓடத் தொடங்கியது. அதன் கதவுகள் மூடிய பின்னரே ரயில் நகரும். தொடக்கத்தில் கட்டணம் அதிகமாக இருந்ததால் அவை பாதி காலியாக ஓடின. 2022 மே 5ஆம் தேதி முதல் ஒருவழிக் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்ட பிறகு கூட்டம் பெருகியது. ஏசி சேவைகளும் கூட்டப்பட்டன.

அவை எப்படிக் கூட்டப்பட்டன என்பதில்தான் சிக்கல் பிறந்தது. தடத்தில் புதிய ரயிலை நுழைக்க இடைவெளி இல்லாததால், ஏற்கெனவே ஓடிய சாதாரண ரயில் நிறுத்தப்பட்டு, அதே நேரத்தில் ஏசி ரயில் விடப்பட்டது. கால அட்டவணையில் எண்ணிக்கை மாறவில்லை, நடைமேடையில் மாறியது. சாதாரண ரயிலில் சீசன் டிக்கெட்டுடன் சென்றவர்கள் முந்தைய ரயிலிலோ அடுத்த ரயிலிலோ திணிந்துகொண்டனர். 2022 ஆகஸ்ட் மாதத்தில் கல்வாவில் பயணிகள் ஏசி ரயிலை மறித்து நின்றனர். பத்லாபூரிலும் போராட்டம் வெடித்தது. ஒரு வாரத்துக்குள் மத்திய ரயில்வே பத்து ஏசி சேவைகளைத் திரும்பப் பெற்று, மீண்டும் சாதாரண ரயில்களையே இயக்கியது.

ஏசி வசதியை மக்கள் வெறுத்தார்கள் என்று அந்தப் போராட்டத்தை எளிதாக விளக்கிவிட முடியாது. மே மாத மும்பையில் குளிர்ந்த காற்றை வெறுப்பவர் யாருமில்லை. கட்டணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மூடிய கதவு கொண்ட ரயில் சாதாரண ரயில் அளவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லாது என்பதாகும். திறந்த வாசல் கொண்ட ரயிலில் வெளியே தொங்குபவர்களும் அன்றாடம் பயணிக்கும் எண்ணிக்கையில் சேர்த்தி. அந்த எண்ணிக்கையை ரயில்வே எந்த ஆவணத்திலும் 'கொள்ளளவு' என்று குறிப்பிடுவதில்லை. ஆயினும் நகரம் ஒவ்வொரு நாளும் அதை நம்பியே வேலைக்குப் போகிறது. கதவு மூடினால் அத்தனை பேரும் நடைமேடையில் நிற்பார்கள். ரயிலிலிருந்து விழுந்தவருக்குக் காவல்துறைப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. ஏற முடியாமல் நின்று, அரை நாள் ஊதியம் இழந்து திரும்பும் கட்டுமானத் தொழிலாளிக்கோ வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

நொடிகளின் கணக்கு

கதவு மூடுவதில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. சாதாரண ரயில் ஒரு நிலையத்தில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. ரயில் முழுவதுமாக நிற்பதற்கு முன்பே பலர் குதித்து இறங்கிவிடுகின்றனர். நகரத் தொடங்கிய பிறகும் சிலர் ஏறுகின்றனர். ஆபத்தான இந்தப் பழக்கத்தின் மேல்தான் இன்றைய கால அட்டவணை அமர்ந்திருக்கிறது. தானியங்கிக் கதவு வந்தால், கடைசிப் பயணியின் பை உள்ளே போகும் வரை ரயில் காத்திருக்க வேண்டும். ஏசி ரயில்களில் கதவு மூட இயலாமல் தாமதமாவது இப்போதே அடிக்கடி நிகழ்கிறது.

சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் முதல் கல்யாண் வரை சாதாரண ரயில் நின்று செல்லும் நிலையங்கள் 26. இடையிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் கதவுக்காக 15 நொடிகள் கூடுதலாகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பயணத்துக்கு ஆறு நிமிடங்கள் கூடும். மூன்று, நான்கு நிமிட இடைவெளியில் ரயில்கள் தொடரும் தடத்தில் இது சிறிய அளவன்று. தாதர், குர்லா, தாணே போன்ற நிலையங்களில் முன்னால் நிற்கும் ரயில் கிளம்பத் தாமதித்தால், பின்னால் வருவது சிவப்பு விளக்கில் நிற்கும். அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். ஒரு மணி நேரத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலே, பல ஆயிரம் பேர் மற்ற ரயில்களை நாட வேண்டியிருக்கும்.

ஆகவே கதவு தனியாக வர முடியாது. கூடுதல் ரயில்கள், நெருக்கமான இடைவெளியில் ஓட உதவும் புதிய சமிக்ஞை முறை, 12 பெட்டிகளுக்குப் பதில் 15 பெட்டிகள், அவற்றுக்கு ஏற்ற நீளமான நடைமேடைகள் ஆகியவை அதனுடன் சேர்ந்து வர வேண்டும். இவை எவருக்கும் தெரியாத தீர்வுகள் அல்ல. மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் அடுத்தடுத்த கட்டங்களில் இவை அனைத்தும் எழுதப்பட்டிருக்கின்றன. 2016 டிசம்பரில் 10,947 கோடி ரூபாய் மதிப்பிலான மூன்றாம் கட்டத்துக்கும், 2019 மார்ச்சில் 33,690 கோடி ரூபாய் மதிப்பிலான 3ஏ கட்டத்துக்கும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. குறை, ஒப்புதலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள தொலைவில் இருக்கிறது.

அதற்கு மும்ப்ரா வழியாகச் செல்லும் தடமே சான்று. நெடுந்தூர ரயில்களும் புறநகர் ரயில்களும் ஒரே தடத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, தாணே - திவா இடையே ஐந்தாவது, ஆறாவது பாதைகள் அமைக்க 2008ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. அவற்றைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தது 2022 பிப்ரவரி 18ஆம் தேதி. சில கிலோமீட்டர்களுக்கு 14 ஆண்டுகள். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணே வரை ஓடியது. அந்தத் தாணேக்கு அடுத்த நிலையம்தான் கல்வா.

கல்வாவுக்கும் ஐரோலிக்கும் இடையே உயர்நிலைப் பாதை அமைந்துவிட்டால், கல்யாண் பக்கத்திலிருந்து நவி மும்பை செல்பவர்கள் தாணேயில் இறங்கி மாற வேண்டியதில்லை. தாணே நிலையத்தின் சுமையில் கணிசமான பங்கு குறையும். மூன்றாம் கட்டத்தில் இடம்பெற்ற இத்திட்டத்தில் திகா காவ்ன் நிலையம் மட்டும் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாதைக்குத் தேவையான நிலத்தில் குடிசைகள் அமைத்து வாழும் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு மாற்று வீடு வழங்குவதில் எழுந்த இழுபறியால் எஞ்சிய பணி நின்றது. வீடு இழப்பவர் கேட்பதும் நியாயம், ரயிலில் தொங்குபவர் கேட்பதும் நியாயம். மறுவாழ்வுக்கான செலவைத் திட்ட மதிப்பீட்டின் ஓரத்தில் எழுதப்படும் சில்லறைச் செலவாகக் கருதும் வரை, இரு தரப்பும் ஒருவர் பாதையில் ஒருவர் நின்றுகொண்டிருப்பர்.

தண்டவாளத்துக்கு வெளியே

நெரிசல் ரயிலுக்குள் மட்டும் உருவாவதில்லை. 2017 செப்டம்பர் 29ஆம் தேதி காலை, எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்தின் குறுகிய நடை மேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். அன்று மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும், அடுத்தடுத்து ரயில்களிலிருந்து இறங்கியவர்களும் படிக்கட்டில் சிக்கிக்கொண்டனர். அப்பகுதி ஒருகாலத்தில் நெசவாலைகள் நிறைந்த இடம். ஆலைத் தொழிலாளர்கள் பக்கத்துச் சால்களிலிருந்து நடந்தே வேலைக்குச் சென்றார்கள். ஆலைகள் மூடப்பட்டு, அந்த நிலத்தில் கண்ணாடி அலுவலகங்கள் எழும்பின. அங்கு வேலை பார்ப்பவர்கள் விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் வந்தார்கள். வேலை செய்பவரின் ஊர் மாறியது, பாலம் மாறவில்லை. விபத்துக்குப் பின் ராணுவம் வரவழைக்கப்பட்டு, 2018 பிப்ரவரியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. நிலையத்தின் பெயரும் பிரபாதேவி என மாற்றப்பட்டது.

அலுவலகங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குவது நெரிசலின் மற்றொரு வேர். பணி நேரத்தைப் பகுத்துக்கொள்ளுமாறு மத்திய ரயில்வே நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. தன் மும்பை கோட்ட அலுவலகத்தில் 2023ஆம் ஆண்டு அதைச் செயல்படுத்தியும் காட்டியது. பின்தொடர்ந்தவர்கள் மிகச் சிலரே. பாலமும் தண்டவாளமும் தேவைப்படாத, ஏறத்தாழச் செலவே இல்லாத தீர்வு இது. இதை வேண்டுகோளாக விட்டுவிடாமல், அரசு அலுவலகங்களில் தொடங்கி விதியாக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது.

ரயிலை விட்டு இறங்கியவர் அலுவலகம் சேர நம்புவது பேருந்தை. மும்பையின் 'பெஸ்ட்' நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் 4,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை இயக்கியது. 2025இல் அந்த எண்ணிக்கை 3,000க்கும் கீழே இறங்கிவிட்டது. எஞ்சியவற்றில் பெரும் பகுதி ஒப்பந்ததாரர்களுடையவை. 2025 மே 9ஆம் தேதி முதல் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாயாகவும், ஏசி பேருந்தில் ஆறிலிருந்து பன்னிரண்டு ரூபாயாகவும் உயர்ந்தது. பேருந்து குறைந்து, கட்டணம் இரட்டிப்பானால், மக்கள் பங்கு ஆட்டோவுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் போவார்கள். சாலை மேலும் அடைபடும். எஞ்சிய பேருந்து இன்னும் தாமதமாகும். 2024 டிசம்பர் 9ஆம் தேதி குர்லாவில் ஒப்பந்த முறையில் இயங்கிய மின்சாரப் பேருந்து கட்டுப்பாடு இழந்து பாய்ந்து பலரைப் பலிகொண்டபோது, ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி இருந்ததா என்ற கேள்வி எழுந்தது. அந்த ஒப்பந்த முறை இன்றும் தொடர்கிறது.

இதே ஆண்டுகளில் 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேது ஏறத்தாழ 17,840 கோடி ரூபாயில் முடிந்தது. அதில் காருக்கு ஒருவழிச் சுங்கம் 250 ரூபாய். கடலோரச் சாலையும் திறக்கப்பட்டது. இரண்டும் பொறியியல் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. இரண்டிலும் பெரும்பாலும் ஓடுவன கார்கள். நகரத்தின் பெரும்பான்மையோர் காரில் வேலைக்குப் போவதில்லை என்பதும் திட்டமிடுவோர் அறிந்ததே.

மெட்ரோ ரயில் ஓரளவு ஆறுதல் அளிக்கிறது. 2014 ஜூனில் வெர்சோவா - காட்கோபர் தடத்துடன் தொடங்கிய மெட்ரோ, 2025 அக்டோபரில் ஆரே முதல் கஃப் பரேட் வரையிலான 33.5 கிலோமீட்டர் சுரங்கத் தடம் முழுமையாகத் திறக்கப்பட்டதன் மூலம் தென் மும்பையை எட்டியது. மேற்குத் தடத்தின் கூட்டத்தை அது ஓரளவு ஈர்க்கலாம். ஆனால் மும்ப்ராவில் தொங்கிச் சென்றவர்களின் வழியில் அது இல்லை. தாணே, பிவண்டி வழியாகக் கல்யாண் நோக்கித் திட்டமிடப்பட்ட ஐந்தாவது தடம் போன்றவை முடிந்தால்தான் அவர்களுக்கு இன்னொரு வழி பிறக்கும். அப்போதும் சீசன் டிக்கெட்டின் விலையோடு மெட்ரோ கட்டணத்தை ஒப்பிட்ட பிறகே அவர்கள் முடிவெடுப்பார்கள்.

எந்த ரயிலுக்குப் பதிலாக?

தானியங்கிக் கதவு வேண்டாம் என்பதன்று இந்த வாதத்தின் பொருள். நாள்தோறும் சிலர் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து சாகும் நகரத்தில், திறந்த வாசலுக்கு ஆதரவாகப் பேச இயலாது. பெரம்பூர் பொறியாளர்கள் காற்றோட்டச் சிக்கலைத் தீர்த்துவிட்டால், கட்டணம் உயராமல் பாதுகாப்பு கிடைக்கும். ஏசி ரயிலால் தர முடியாதது அது. ஆனால் அந்த ரயில் இப்போதுள்ள ஒரு ரயிலின் இடத்தில் ஓடுமா, கூடுதலாக ஓடுமா என்பதை அறிவிப்புகள் சொல்லவில்லை.

ஒரு பழைய ரயிலை நிறுத்திவிட்டு அதே நேரத்தில் கதவு மூடும் ரயிலை விட்டால், 2022இல் கல்வாவில் நடந்தது மீண்டும் நடக்கும்; இம்முறை அதை ஏசி எதிர்ப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கூட்டம் குறைந்த நண்பகல் நேரத்தில் முதலில் இயக்கிப் பார்த்து, ஒவ்வொரு நிலையத்திலும் கதவுக்காகும் நொடிகளையும், ஏற முடியாமல் நிற்பவர்களின் எண்ணிக்கையையும் அளந்து வெளியிட்ட பின் நெரிசல் நேரத்துக்குக் கொண்டுவருவது ஒரு வழி. திவாவிலிருந்தோ தாணேயிலிருந்தோ காலியாகப் புறப்படும் கூடுதல் சேவையாக இயக்குவது இன்னொரு வழி. அதற்குக் கால அட்டவணையில் இடம் கண்டுபிடிக்க வேண்டும், ஒருவேளை ஏதேனும் நெடுந்தூர ரயிலின் நேரத்தைக் காலை எட்டு மணியிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கும். புதிய ரயில் எத்தனை மணிக்கு, எந்தத் தடத்தில், எந்தப் பழைய சேவையின் எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் மும்ப்ரா நடைமேடையில் நிற்பவர்கள் கால அட்டவணையில் முதலில் தேடுவார்கள்.